மரியா கொன்னிகோவா

மரியா கொன்னிகோவா (பிறப்பு: 1984, மாஸ்கோ) உருசியாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளரும் உளவியலாளரும் ஆவார். மனிதர் முடிவெடுக்கும் முறை, ஏமாற்றுக்கு உள்ளாகும் விதம், நற்பேறு ஆகியவை குறித்து எழுதி வருபவர். 2016 ஆம் ஆண்டுவரை போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடியறியாத இவர், வாழ்வில் திறமையின் பங்கு எது, நற்பேற்றின் பங்கு எது என்பதை ஆராயும் நோக்கில் அதைக் கற்கத் தொடங்கினார். எரிக் சைடல் என்னும் முன்னணி ஆட்டக்காரரிடம் பயின்று, 2018 சனவரியில் பகாமாசு தீவுகளில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் முதலிடம் பெற்றார். இவ்வனுபவத்தை விளக்கும் "த பிக்கஸ்ட் பிளஃப்" என்னும் நூல் 2020 ஆம் ஆண்டு சூனில் வெளிவந்தது.

தொழில்முறை சாராத ஒருவர் சுற்றுப்போட்டி ஆட்டத்தை எவ்வாறு படிப்படியாக மேம்படுத்திக்கொள்கிறார் என்பதற்கு விரிவாகப் பதிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டுகளில் இவருடையதும் ஒன்று. தம் தவறுகளையும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

கொன்னிகோவா சோவியத் ஒன்றியத்தில் பிறந்தார். இவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குக் குடிபெயர்ந்து மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறியது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டு 2013 இல் பட்டம் பெற்றார். குழந்தைகளின் தன்னடக்கம் குறித்த "மார்ஷ்மெல்லோ" சோதனையால் அறியப்பட்ட வால்டர் மிஷெல் இவருடைய ஆய்வு நெறியாளராக இருந்தார்.

இவருடைய ஆய்வு, நிலையற்ற சூழலில் மனிதர் முடிவெடுக்கும் விதத்தைப் பற்றியது. பங்குச் சந்தையை ஒத்த ஒரு விளையாட்டில் கலந்துகொண்டோர், நிகழ்வுகள் தம் கட்டுப்பாட்டில் இருப்பதாக எண்ணி, சூழல் மாறிய பின்னரும் பழைய உத்தியையே பற்றிக்கொண்டிருந்ததை இவர் கண்டார். உளவியலில் இது "கட்டுப்பாட்டு மாயை" எனப்படும். எலன் லாங்கர் 1975 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றின் வழியே இக்கருத்து பரவலாயிற்று. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், நாணயம் சுண்டும்போது தலையா பூவா எனக் கூறுமாறு மாணவர்கள் கேட்கப்பட்டனர். தொடக்கத்தில் சில முறை சரியாகக் கூறிவிட்டவர்கள், தமக்கு அதில் தனித்திறன் இருப்பதாகவே நம்பத் தொடங்கினர். நாணயம் சுண்டுவதில் திறனுக்கு இடமில்லை என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

எழுத்துப் பணி

கொன்னிகோவா "த நியூ யார்க்கர்" இதழில் உளவியல், பண்பாடு சார்ந்த கட்டுரைகளை எழுதி அறிமுகமானார். இவருடைய முதல் நூல், ஆர்தர் கொனன் டாயிலின் துப்பறியும் பாத்திரமான ஷெர்லாக் ஹோம்சின் சிந்தனை முறையை உளவியல் நோக்கில் ஆராய்வது. இரண்டாவது நூல் மோசடிக்காரர்களையும் அவர்களிடம் ஏமாறுவோரையும் பற்றியது. கூர்ந்து கவனித்தல், பிறரை நம்பவைத்தல் என்னும் இவ்விரு பொருள்களும் பின்னர் இவருடைய சீட்டாட்டப் பயிற்சியிலும் இடம்பெற்றன.

போக்கருக்கு வந்த காரணம்

2015 ஆம் ஆண்டளவில் கொன்னிகோவாவின் குடும்பம் அடுத்தடுத்துப் பல இடர்களைச் சந்தித்தது. அவருடைய பாட்டி இரவில் வழுக்கி விழுந்து இறந்தார். தாயும் கணவரும் வேலையை இழந்தனர். காரணம் எளிதில் கண்டறியப்படாத நோய் ஒன்று அவரையும் பற்றியது. இவற்றுள் எதுவும் எவருடைய தவறாலும் நேர்ந்ததன்று. நன்மை வரும்போது அதைத் தம் திறமைக்கு உரித்தாக்கிக்கொள்ளும் மனிதர், தீமை வரும்போதுதான் நற்பேறு என்ற ஒன்று இருப்பதையே எண்ணிப் பார்க்கின்றனர் என்பதை அவர் உணர்ந்தார்.

இதுபற்றி வாசிக்கும்போது, கணிதவியலாளர் ஜான் வான் நியூமனும் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னும் 1944 இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலை அவர் கண்டார். அதில் போக்கர் ஆட்டத்துக்குத் தனி இடம் தரப்பட்டிருந்தது. சதுரங்கத்தில் இரு தரப்பினருக்கும் எல்லாத் தகவலும் கண்முன் உள்ளது. போக்கரில் ஒருவருக்குத் தம் சீட்டு தெரியும், பிறர் சீட்டு தெரியாது. தகவல் குறைவாக உள்ள நிலையில் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், மனித வாழ்க்கைக்குச் சதுரங்கத்தைவிடப் போக்கரே நெருங்கியது என்பது வான் நியூமனின் கருத்து.

அப்போது கொன்னிகோவாவுக்குப் போக்கர் தெரியாது. ஒரு கட்டில் எத்தனை சீட்டுகள் உள்ளன என்பதைக்கூடச் சரியாக அறியாதவராக இருந்ததாக அவரே எழுதியுள்ளார். ஓராண்டு பயின்று, 2017 ஆம் ஆண்டு கோடையில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கலந்துகொள்வது என்பதே அவர் வகுத்துக்கொண்ட திட்டம்.

ஆட்டத்தின் அடிப்படை

கொன்னிகோவா பயின்றது வரம்பற்ற டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகை. ரம்மியைப் போல் சீட்டு எடுத்துப் போட்டு வரிசை சேர்க்கும் ஆட்டம் அன்று இது. பந்தயம் வைப்பதே இதன் உயிர்நாடி.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசையின் நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் முதலில் மூன்றும், பின்னர் ஒன்றும், இறுதியில் ஒன்றுமாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்து சீட்டுகளே ஒருவரின் கை ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்டக்காரர் பந்தயம் வைக்கலாம், பிறர் வைத்ததை ஈடுகட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். மற்ற அனைவரும் விலகிவிட்டால் எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலேயே பந்தயத் தொகையை எடுத்துக்கொள்வார். ஆகவே வலுவற்ற சீட்டை வைத்துக்கொண்டு வலுவுள்ளவர்போல் பந்தயம் வைக்கும் ஏய்ப்பு, இவ்வாட்டத்தில் முறையான உத்தியாகும்.

52 சீட்டுகளில் இருந்து இரண்டு சீட்டுகள் 1,326 விதங்களில் அமையலாம். இவற்றுள் மிக வலிமையானது இரண்டு ஏஸ்கள். அவற்றை வைத்திருப்பவர் இரண்டு ராஜாக்களை வைத்திருப்பவருக்கு எதிராகத் தம் முழுத் தொகையையும் வைத்தால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு முறை வெல்வார். எஞ்சிய ஒரு முறை, எந்தத் தவறும் செய்யாமலே தோற்பார். கொன்னிகோவா ஆராய விரும்பியது இந்த ஐந்தில் ஒரு பங்கையே எனலாம்.

சுற்றுப்போட்டியின் தனித்தன்மை

காசு ஆட்டத்தில் ஆட்டக்காரர் விரும்பும்போது எழுந்து சென்று கையிலுள்ள வில்லைகளைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். சுற்றுப்போட்டியில் அவ்வாறு செய்ய இயலாது. அனைவரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி ஒரே அளவு வில்லைகளுடன் தொடங்குவர். வில்லை முழுவதையும் இழந்தவர் வெளியேறுவார். ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஆட்டம் தொடரும். பெரும்பாலான போட்டிகளில் கலந்துகொள்வோரில் ஏழில் ஒரு பங்கினர் அளவிலேயே பரிசு பெறுவர். இதிலிருந்து மூன்று சிறப்பு இயல்புகள் தோன்றுகின்றன.

முதலாவது, காலத்தின் நெருக்கடி. "பிளைண்ட்" எனப்படும் கட்டாயப் பந்தயம் குறித்த கால இடைவெளியில் உயர்ந்துகொண்டே செல்லும். நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவரின் வில்லைகள் தாமாகவே கரையும். 1995 ஆம் ஆண்டு உலக வாகையர் டான் ஹாரிங்டன் தம் நூல்களில் இதை அளக்க எளிய வழி ஒன்றைப் பரவலாக்கினார். கையிலுள்ள வில்லைகளை, ஒரு சுற்றில் கட்டாயமாகச் செலவாகும் வில்லைகளால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் கட்டாயப் பந்தயங்கள் 500, 1,000 எனவும், ஒவ்வொருவரும் இடும் முன்பணம் 100 எனவும் இருந்தால், ஒரு சுற்றின் செலவு 2,400. கையில் 24,000 வில்லை உள்ளவர் பத்துச் சுற்றுகளே தாக்குப்பிடிப்பார். இவ்வெண் 20 இற்கு மேல் இருந்தால் எல்லா உத்திகளுக்கும் இடமுண்டு. 5 அளவுக்குக் குறைந்துவிட்டால், முழுவதையும் வைப்பது அல்லது விலகுவது என்னும் இரண்டு வழிகளே மிஞ்சும்.

இரண்டாவது, வில்லையின் பண மதிப்பு சீரானதன்று. மூவர் சம அளவு வில்லைகளுடன் எஞ்சியுள்ளனர் எனவும், பரிசுகள் 50, 30, 20 எனவும் கொள்வோம். ஒவ்வொருவரின் எதிர்பார்ப்பு மதிப்பு 33.3. ஒருவர் மற்றொருவரை வீழ்த்தித் தம் வில்லைகளை இரட்டிப்பாக்கினால், அவருடைய மதிப்பு இரட்டிப்பாவதில்லை, 43.3 மட்டுமே ஆகிறது. தோற்றவருக்கு 20 கிடைக்கிறது. அதாவது 10 ஐப் பெறுவதற்காக 13.3 பணயம் வைக்கப்படுகிறது. எனவே வெல்லும் வாய்ப்பு 57 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் அவ்வாறு மோதுவது தகும். சும்மா இருந்த மூன்றாமவரின் மதிப்பு எதுவும் செய்யாமலே 36.7 ஆக உயர்கிறது.

மூன்றாவது, தப்பிப்பிழைத்தலின் அருமை. ஒவ்வொரு முறையும் 80 விழுக்காடு வாய்ப்புடன் முழு வில்லைகளையும் வைப்பவர்கூட, அவ்வாறு ஐந்து முறை தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவே. சிறந்த ஆட்டக்காரரும் பெரும்பாலான போட்டிகளில் பரிசின்றித் திரும்புவதற்குக் காரணம் இதுவே.

பயிற்சி

எரிக் சைடல்

கொன்னிகோவா ஆசிரியராக நாடிய எரிக் சைடல் 1959 இல் நியூ யார்க்கில் பிறந்தவர். முதலில் பேக்கமன் ஆட்டக்காரராகவும், பின்னர் பங்குச் சந்தை வணிகராகவும் இருந்தவர். 1988 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜானி சானிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார். அந்த இறுதி ஆட்டத்தின் காட்சி "ரவுண்டர்ஸ்" (1998) என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றதால், தோல்வியே அவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் அவர் பல பத்தாண்டுகள் உயர்நிலையில் நீடித்தார். 2010 இல் போக்கர் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். உலகத் தொடரின் வெற்றிச் சின்னமான கைக்காப்புகளை 2016 இல் எட்டு பெற்றிருந்த அவர், 2023 இல் பத்தாவதையும் பெற்றார்.

சைடல் கணித வாய்பாடுகளைத் தரவில்லை. எந்த நிலைக்கும் இதுதான் சரி என்று உறுதிபடக் கூறுவதைத் தவிர்த்து, கேள்விகளை எழுப்பப் பழக்கினார். இந்தச் சீட்டை எப்படி ஆடவேண்டும் என்று மாணவி கேட்டால், எதிரில் இருப்பவர் யார், அவர் கையில் எவ்வளவு உள்ளது, இதுவரை எவ்வாறு ஆடினார் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்பார்.

அவர் விதித்த மற்றொரு நெறி, கெட்ட சீட்டு வந்து தோற்ற கதையைச் சொல்லக்கூடாது என்பது. கடைசிச் சீட்டு என்னவாக வந்தது என்பது ஆட்டக்காரரின் கையில் இல்லை. பந்தயம் வைக்கும் தருணத்தில் எடுத்த முடிவு சரியா என்பது மட்டுமே ஆராயத்தக்கது. கெடுவாய்ப்பை எண்ணி வருந்துபவர் தம்மைப் பாதிக்கப்பட்டவராகக் கருதத் தொடங்குவார். அடுத்த முடிவும் அதனால் பிழையாகும். வென்ற ஆட்டத்துக்கும் இதே நெறி பொருந்தும். தவறாக ஆடி வென்றவர் அத்தவறை உத்தி என நம்பிவிடும் ஆபத்து உண்டு.

படிநிலைகள்

பயிற்சி படிப்படியாக அமைந்தது. முதலில் ஹாரிங்டனின் நூல்களை வாசித்தல், பதிவு செய்யப்பட்ட ஆட்டங்களைப் பார்த்தல். அடுத்து, இணையவழிச் சிறு போட்டிகள். கொன்னிகோவா வாழ்ந்த நியூ யார்க் மாநிலத்தில் இணையப் போக்கருக்குச் சட்ட இசைவு இல்லை. அண்டை மாநிலமான நியூ செர்சி 2013 இல் இசைவளித்திருந்தது. எனவே அவர் ஹட்சன் ஆற்றைக் கடந்து சென்று, அங்குள்ள காப்பிக்கடைகளில் அமர்ந்து ஆடினார். அதில் தேறிய பின்னரே லாஸ் வேகாசின் குறைந்த கட்டணப் போட்டிகளுக்குச் சென்றார். பின்னர் 2017 இன் வசந்த காலத்தில் மொண்டே கார்லோ வரை சென்று ஆடினார். ஒவ்வொரு முக்கிய ஆட்டத்தையும் குறித்துவைத்துப் பின்னர் ஆசிரியருடன் விவாதித்தார்.

பிற பயிற்றுநர்கள்

சைடலின் வழியாகவும் தம் முயற்சியாலும் கொன்னிகோவா வேறு சிலரிடமும் பயின்றார்.

பில் கால்ஃபண்ட் என்னும் ஆட்டக்காரர், ஒவ்வொரு கையையும் ஒரு கதையாகப் பார்க்கக் கற்பித்தார். எதிராளி முதலில் செய்ததும் பின்னர் செய்ததும் ஒரே கதையாகப் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பொருந்தாவிடில் அங்கே ஏய்ப்பு இருக்கக்கூடும். தாம் ஏய்க்கும்போதும் அக்கதை முதலிலிருந்தே பிசிறின்றி அமைய வேண்டும்.

பிளேக் ஈஸ்ட்மன் உடல்மொழியை ஆராய்பவர். முகத்தைவிடக் கைகளின் அசைவே மிகுதியான செய்தியைத் தரும் என்பது அவர் கருத்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன் முதலானோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. உலகத் தொடர் ஆட்டக்காரர்களின் காணொளித் துண்டுகளைக் கண்டவர்களுள், முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டின் வலிமையைச் சரியாக ஊகிக்க இயலவில்லை. வில்லைகளை முன்னே நகர்த்தும் கைகளை மட்டும் பார்த்தவர்கள் தற்செயலுக்கு மேற்பட்ட அளவில் சரியாக ஊகித்தனர். இதனால் சீட்டைப் பார்க்கும் முறை, வில்லைகளை வைக்கும் முறை ஆகியவற்றை ஒரே சீராக வைத்துக்கொள்வது பயிற்சியின் பகுதியாயிற்று.

ஜாரட் டெண்ட்லர் மனப் பயிற்சி அளிப்பவர். சினம், அச்சம், அளவற்ற நம்பிக்கை ஆகியவற்றால் நிதானம் இழந்து ஆடுவதைப் போக்கர் வழக்கில் "டில்ட்" என்பர். எந்த நிகழ்வு எந்த உணர்ச்சியைத் தூண்டுகிறது, அப்போது தாம் வழக்கமாகச் செய்யும் பிழை யாது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார்.

தவறுகளும் திருத்தங்களும்

கொன்னிகோவா தொடக்கத்தில் கண்ட பெருங்குறை, அளவுக்கு மீறிய பணிவு. எதிராளி பந்தயத்தை உயர்த்தியதும், தம் சீட்டு நன்றாக இருந்தபோதும் விலகினார். மேசையில் பெரும்பாலும் ஆண்களே இருந்தனர். சிலர் அவரைச் சிறுமியை அழைப்பதுபோல் அழைத்தனர். மோதலைத் தவிர்த்து நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று பெண்களுக்கு இளமை முதல் புகட்டப்படும் பழக்கத்தைத் தாம் அறியாமலே ஆட்டத்திலும் கடைப்பிடிப்பதை அவர் உணர்ந்தார். உளவியல் கற்றவர் என்பதால் இப்பழக்கம் தம்மைத் தீண்டாது என்று எண்ணியிருந்தது பொய்யாயிற்று.

இதனோடு தொடர்புடைய இரண்டாவது குறை, பரிசு எல்லையை மட்டும் குறிவைத்து ஆடியது. சிறு போட்டிகளில் அவர் அடிக்கடி பரிசு பெறுவோர் வரிசைக்குள் நுழைந்தார். ஆனால் மிகக் குறைந்த பரிசுடன் வெளியேறினார். வெளியேறிவிடக் கூடாது என்ற அச்சத்தில் நல்ல வாய்ப்புகளைக் கைவிட்டு, எல்லையைத் தாண்டும்போது கரைந்துபோன வில்லைகளுடன் நின்றதே காரணம். பரிசு எல்லை நெருங்கும் நேரத்தில் அனைவரும் அஞ்சி விலகுவர். துணிந்து பந்தயம் வைப்பவருக்கு அதுவே விளைச்சல் காலம். நுழைவுக் கட்டணத்தை மீட்டெடுப்பதை நோக்கமாகக் கொள்ளாமல், வெல்வதை நோக்கமாகக் கொண்டு ஆடுமாறு சைடல் திருத்தினார். முதல் சில இடங்களுக்கே பெருந்தொகை குவிந்திருப்பதால், சிறு பரிசுகள் பல சேர்ந்தாலும் கட்டணங்களை ஈடுகட்டுவது அரிது.

மூன்றாவது குறை கவனச்சிதறல். சீட்டைக் கவிழ்த்து விலகிய பின் கைப்பேசியைப் பார்ப்பது பல ஆட்டக்காரர்களின் வழக்கம். அந்நேரத்தில்தான் பிறர் தம் இயல்பை வெளிக்காட்டுகின்றனர். தாம் ஆடாத கைகளையும் தொடர்ந்து கவனிக்கக் கற்றதையே தம் முதன்மையான முன்னேற்றங்களில் ஒன்றாக அவர் குறிப்பிடுகிறார்.

2017 உலகத் தொடர்

உலகப் போக்கர் தொடர் 1970 முதல் நடைபெற்று வருகிறது. அதன் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2017 ஆம் ஆண்டு லாஸ் வேகாசின் ரியோ விடுதியில் நடந்த போட்டியில் 7,221 பேர் கலந்துகொண்டனர். 1,084 பேர் பரிசு பெற்றனர். ஸ்காட் புளும்ஸ்டைன் 81.5 இலட்சம் டாலருடன் முதலிடம் பெற்றார்.

கொன்னிகோவா திட்டமிட்டபடியே இதில் ஆடினார். ஆனால் போட்டியின்போது கடும் ஒற்றைத் தலைவலி தாக்கியது. குளியலறைத் தரையில் அவர் கிடந்த வேளையில், மேசையில் அவருடைய வில்லைகள் கட்டாயப் பந்தயமாகக் கரைந்துகொண்டிருந்தன. ஓராண்டு உழைப்புக்குப் பின் அவர் பரிசின்றி வெளியேறினார். இந்நிகழ்வையே தம் நூலின் தொடக்கமாக அவர் அமைத்திருக்கிறார். எவ்வளவு பயின்றாலும் கட்டுப்பாட்டுக்குள் வாராத பகுதி ஒன்று உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவைப்படவில்லை.

2018 வெற்றி

வகுத்த ஓராண்டு முடிந்த பின்னரும் கொன்னிகோவா பயிற்சியைத் தொடர்ந்தார். 2018 சனவரியில் பகாமாசு தீவுகளில் நடந்த போக்கர்ஸ்டார்ஸ் கரிபியன் தொடரின் தேசிய வாகைப் போட்டியில் 1,650 டாலர் கட்டணத்துடன் கலந்துகொண்டார். அப்போட்டிக்கு 230 நுழைவுகள் பதிவாகியிருந்தன. அதில் முதலிடம் பெற்று 84,600 டாலர் பரிசு பெற்றார். அத்துடன், 2019 சனவரியில் நடக்கவிருந்த பெரும் போட்டி ஒன்றுக்கான 30,000 டாலர் மதிப்புள்ள நுழைவுச் சீட்டும் கிடைத்தது.

2018 மார்ச்சில் மக்காவு நகரில் நடந்த ஆசிய பசிபிக் தொடரின் போட்டி ஒன்றில் இரண்டாமிடம் பெற்றார். இவ்வெற்றிகளால் நூல் எழுதும் பணியைத் தள்ளிவைத்து முழுநேரமும் ஆடலானார். போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனத்தின் விளம்பரத் தூதராகவும் சில காலம் இருந்தார்.

நூலும் அதன் கருத்தும்

"த பிக்கஸ்ட் பிளஃப்" 2020 இல் வெளிவந்து, "நியூ யார்க் டைம்ஸ்" நாளிதழின் அதிக விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆட்டத்தைக் கற்பிக்கும் கையேடாக இது எழுதப்படவில்லை. நல்ல முடிவையும் நல்ல விளைவையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே நூலின் மையக் கருத்து. வாழ்க்கையில் ஒரு முடிவின் பலன் தெரிய ஆண்டுகள் ஆகலாம்; அதற்குள் காரணங்கள் மறந்துபோகும். போக்கர் மேசையில் முடிவும் விளைவும் சில நிமிடங்களுக்குள் நிகழ்கின்றன. தவறுக்கு உடனே விலை கொடுக்க நேர்கிறது. ஆகவே முடிவெடுத்தலைப் பயில அது தக்க களமாகிறது என்பது அவர் வாதம்.

அதே வேளையில், திறமை எல்லாவற்றையும் வெல்லும் என்று நூல் முடிவு கூறவில்லை. மனிதர் தம் கவனத்தையும் தம் முடிவையும் ஆளலாம். அடுத்து வரும் சீட்டை ஆள இயலாது. நற்பேறு என்று ஒன்று இல்லை என எண்ணி வாழ்வதே மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் மிகப் பெரிய ஏய்ப்பு என்னும் பொருளும் நூலின் தலைப்பில் அடங்கியுள்ளது.

வரம்புகள்

கொன்னிகோவாவின் அனுபவத்தைப் பொதுவான வழிகாட்டியாகக் கொள்ளும்போது சிலவற்றைக் கருத வேண்டும்.

- உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களிடம் நேரில் பயிலும் வாய்ப்பு, எழுத்தாளர் என்னும் நிலையால் இவருக்குக் கிடைத்தது. பெரும்பாலான பயிலுநர்க்கு அது கிட்டாது.
- சுற்றுப்போட்டிகளில் ஏற்றத்தாழ்வு மிகுதி. ஒரு வெற்றியோ ஓராண்டின் முடிவுகளோ ஒருவரின் திறனை உறுதிப்படுத்தப் போதிய சான்றாகா. பல நூறு போட்டிகளின் கணக்கே ஓரளவு நம்பத்தக்கது.
- வெளியிடப்படும் பரிசுப் பட்டியல்கள் பெற்ற தொகையை மட்டுமே காட்டுகின்றன. நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் ஆகிய செலவுகளும், பரிசின்றி முடிந்த போட்டிகளும் அவற்றில் தெரிவதில்லை.
- பணம் வைத்து ஆடப்படும் ஆட்டம் என்பதால் இதில் அடிமையாதல், கடன் ஆகிய இடர்கள் உண்டு. கொன்னிகோவா சிறு தொகையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் தேறிய பின்னரே அடுத்ததற்குச் சென்றார். பலர் இவ்வொழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை.

பிற்காலப் பணிகள்

நூல் வெளியான பின்னரும் கொன்னிகோவா எழுத்துப் பணியுடன் சுற்றுப்போட்டிகளிலும் ஆடிவந்தார். 2024 இல், புள்ளியியல் சார்ந்த தேர்தல் கணிப்புகளுக்காக அறியப்பட்டவரும் போக்கர் ஆட்டக்காரருமான நேட் சில்வருடன் இணைந்து, முடிவெடுத்தல் குறித்த "ரிஸ்கி பிசினஸ்" என்னும் ஒலித்தொடரைத் தொடங்கினார்.

எழுதிய நூல்கள்

- மாஸ்டர்மைண்ட்: ஹௌ டு திங்க் லைக் ஷெர்லாக் ஹோம்ஸ் (2013)
- த கான்ஃபிடன்ஸ் கேம் (2016)
- த பிக்கஸ்ட் பிளஃப் (2020)